இன்னும் இரண்டு அங்குலம்

உலகப் போர் முடிந்ததிலிருந்து கம்பெனி செய்யும் காரின் வால்பக்கம் மீனுக்குப் போலத் துடுப்பு முளைத்திருந்தது. வருஷத்துக்கு வருஷம் அது உயர்ந்தாக வேண்டும், கம்பெனி வழக்கம். "இன்னும் ரெண்டு அங்குலம் ஏத்துப்பா, நுனி கூரா இருக்கணும்" என்றார் முதலாளி. களிமண்ணில் காரின் மாதிரியைச் செய்யும் ஆர்லோ ஏற்றினான். நுனி, அவன் மகள் டோரா சைக்கிளில் உட்கார்ந்தால் அவள் கண் இருக்கும் உயரத்துக்கு வந்து நின்றது. தினமும் யாருக்கும் தெரியாமல் நுனியை மழுக்கிவிட்டுப் போனான். காலையில் அது முன்னைவிடக் கூராக இருந்தது. "நாங்க யாரும் தொடலையே" என்றார்கள் கூட வேலை செய்தவர்கள். கார் வெளிவந்த அன்று முதலாளி அவன் தோளைத் தட்டினார். "முதல் வண்டி உனக்குத்தான்யா. உன் வீட்டு வாசல்லயே நிறுத்தச் சொல்லிட்டேன்." ஆர்லோ கடிகாரத்தைப் பார்த்தான். பள்ளிக்கூடம் விட்டு, டோரா இரண்டு கைகளையும் விட்டுவிட்டு சைக்கிளில் தெரு திரும்பும் நேரம்.