தண்ணீர் நின்ற சுவர்

“சாராளம்மா, இந்த அநியாயத்தைக் கேட்டீங்களா? ஜமால் இன்னும் சுவத்தைக் கழுவல!”

தெருச் சங்கத் தலைவர் கங்காதரன் வாசலில் நின்றே கத்தினார்.

சாராளுக்கு அது புதுச் செய்தியா என்ன? அவள் வீடும் ஜமால் வீடும் முடிச்சூரில் ஒரே கொத்தனார் ஒட்டிக் கட்டியவை. இரண்டு கூடத்துக்கும் நடுவில் ஒரே சுவர். அதில் ஆணி அடித்த தகராறில் இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்று வருஷம் ஒன்றாகிறது. பேச்சுத்தான் நின்றது. அந்தப் பக்கத்துப் பூஞ்சை நாற்றம் ஜன்னல் வழியாக வந்துகொண்டேதான் இருந்தது.

“ஏன்டா கழுவலேன்னு கேட்டேன். சர்வேயர் பாத்தப்புறம்தான் கழுவுவேன்றான்! எதுக்கு? இன்சூரன்ஸ்ல கூட ரெண்டு காசு கறக்கத்தான்!”

“சேத்தைக் காட்டி வாங்கற காசு வீட்டுல தங்குமா அண்ணே? எங்களுக்கும்தான் மார் வரைக்கும் தண்ணி நின்னுது. நாங்க சுத்தம் பண்ணலையா?”

பெருமையோடு தன் கூடத்தைக் காட்டினாள். 2005 வெள்ளம் வடிந்ததுமே சேற்றை வாரிக் கொட்டி, கிறிஸ்துமஸ் வருகிறதே என்று கையோடு சுண்ணாம்பும் அடித்து, வாசலில் நட்சத்திரமும் கட்டிவிட்டாள்.

கூடத்தில் ஆறு தையல் மெஷின்கள். கடனில் வாங்கியவை. மோட்டார்களில் துரு ஏறி ஒன்றுகூட ஓடவில்லை. இன்சூரன்ஸ் கிடைத்தால் மறுபடியும் தைக்கலாம். கிடைக்காவிட்டால், ஓடாத மெஷினுக்கு மாசாமாசம் தவணை கட்டிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

கடன் கொடுக்கும்போது, இன்சூரன்ஸ் போட்டே ஆகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்த வங்கி, இப்போது “அது அவங்க விஷயம்மா” என்று கையை விரித்தது. இன்சூரன்ஸ் ஆபீஸோ, “சேதத்தை மதிப்புப் போட சர்வேயர் வருவாரு, போங்க” என்றது. தாம்பரம் பஸ் ஸ்டாண்டிலிருந்தே ஒருவன் பின்னால் வந்து, “நான் வாங்கித் தர்றேன், எனக்குப் பாதி” என்றான். வீடு மூழ்கியவளிடம் மீன் பிடிக்கத்தான் எத்தனை பேர்!

அவனை விரட்டிவிட்டு, ஆபீஸ் வாசலிலேயே பழியாய்க் கிடந்து சர்வேயரைக் கிளப்பிவிட்டாள் சாராள். இன்றைக்கு வருகிறார்!

“வந்துட்டார்! வந்துட்டார்!”

தெருவே ஓடிவந்தது. ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு உள்ளே வந்த சர்வேயர் ஹேமநாத், சுவர்களை ஒரு சுற்றுப் பார்த்தார்.

“பளிச்சுன்னு இருக்கேம்மா. தண்ணி எங்க?”

“வடிஞ்சிடுச்சு சார்.”

கூட்டம் சிரித்தது.

“அது தெரியுது. எவ்வளவு உயரம் நின்னுது?”

“மார் வரைக்கும் சார்!”

“நீங்க சொல்றீங்க. தெருவுல வெள்ளம் வந்தது ஊருக்கே தெரியும். உங்க கூடத்துல எவ்வளவு நின்னுதுன்னு நான் எதைப் பாத்து எழுதறது? சுவத்துல ஒரு கறைகூட இல்ல. ‘இது பழைய துரு’ன்னு மேல இருக்கறவங்க சொன்னா நான் என்ன காட்டுவேன்?”

சாராள் வெள்ளைச் சுவரைத் தடவிப் பார்த்தாள். பாவி, காசு கொடுத்து ஆளை வைத்தல்லவா அந்தக் கறையை அழித்தாள்!

“நாங்க சாட்சி சார்!” என்று எகிறினார் கங்காதரன். “நீங்க எழுதலேன்னா ஜி.எஸ்.டி. ரோட்டை மறிப்போம்!”

“ரோட்டை மறிச்சா சுவத்துல கறை வருமா சார்?”

சர்வேயர் பேனாவை மூடினார். சாராளின் கண்களில் நீர் முட்டியது. அப்போதுதான் வாசலில் ஜமாலின் குரல் கேட்டது.

“சார், இப்டிக்கா கொஞ்சம் வரீங்களா? பக்கத்து வூடுதான்.”

“பாத்தீங்களா, நேரம் பாத்து நுழையறான்!” என்று பல்லைக் கடித்தார் கங்காதரன்.

சாராள் வெடித்தாள். “இங்க என் பொழப்பே போயிட்டிருக்கு. உனக்கு உன் காசு அவசரமாய்யா?”

“நீயும் வாக்கா” என்றான் ஜமால். ஒரு வருஷத்தில் அவளிடம் அவன் பேசிய முதல் வார்த்தை அது.

மொத்தக் கூட்டமும் அவன் கூடத்துக்குள் புகுந்தது. மார்பு உயரத்தில், நூல் பிடித்த மாதிரி ஒரு பழுப்புக் கோடு. அதற்குக் கீழே காய்ந்த சேறும் பச்சைப் பூஞ்சையும். எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

“இந்தச் சுவத்துக்கு அந்தாண்ட அக்கா வூட்டுக் கூடம் சார். ரெண்டு தரையும் ஒரே மட்டம். டேப்பு வெச்சிப் பாருங்க.”

சர்வேயரின் புருவம் உயர்ந்தது. டேப்பை இழுத்தார். இந்தப் பக்கம் அளந்தார், அந்தப் பக்கம் ஓடி அளந்தார், மெஷின் மோட்டாரின் உயரத்தையும் அளந்தார். மறுபடி வந்து கோட்டைப் படம் பிடித்தார்.

“போதும்மா! மோட்டார் மொத்தமும் முழுகித்தான் இருக்கு. நான் எழுதிடறேன்.”

விசில் பறந்தது. சாராள் தன்னை மறந்து இரண்டு கைகளையும் தட்டினாள்.

“இனிமே அவன் கணக்கை ஆரம்பிப்பான், கேளுங்க” என்று அவள் காதருகே முணுமுணுத்தார் கங்காதரன்.

சர்வேயர் புதுத் தாளைப் புரட்டினார்.

“சரி பாய், உங்க பாலிசியைக் குடுங்க.”

“எனக்கு ஏது சார் பாலிசி?” ஜமால் தலையைச் சொறிந்தான். “அக்கா சுண்ணாம்பு அடிச்சதப் பாத்துட்டுதான் நான் இத அப்டியே வுட்டு வெச்சேன். இப்போ கழுவிக்கலாமா சார்? இந்த நாத்தம் போனாத்தான் வருவேன்னு எம் பொண்டாட்டி ஷம்சாத் அவங்க அம்மா வூட்ல உக்காந்துகினு கீறா.”