சிவப்புத் தண்ணீர்

பம்பின் குழாயிலிருந்து தண்ணீர் சிவப்பாகக் கொட்டியதும் வெள்ளத்துரை பதறிப்போய்க் குனிந்து பார்த்தார்.

"அண்ணாச்சி, ரத்தம்!" என்று அலறினான் ஃபிட்டர் முப்பிடாதி. "உள்ள யார்னா மாட்டிக்கினாங்களா?"

"வாயக் கழுவுலே. எல்லாரும் மேலதான நிக்கோம்?" என்றார் வெள்ளத்துரை. அவருடைய பயமெல்லாம் எண்ணெயைப் பற்றி. அவர்கள் பழுது பார்த்த இயந்திரத்தில் ஊற்றிய எண்ணெயும் சிவப்புதான்.

ராயபுரத்தை ஒட்டிய துறைமுகத்தில் நின்றிருந்த ஆய்வுக் கப்பல் அது. நடுக்கடலில் நகராமல் நிற்பதற்காக, அடிவயிற்றிலிருந்து ஒரு விசிறியைக் கடலுக்குள் இறக்கும். பயணம் கிளம்பும்போது அதை மேலே இழுத்து ஒரு குழிக்குள் ஒளித்துக்கொள்ளும்.

கப்பல் மிதந்துகொண்டிருக்கும்போதே குழியின் அடியை அடைத்து, தண்ணீரைப் பம்பால் இறைத்துவிட்டு உள்ளே இறங்கி, எண்ணெய் கசியாமல் காக்கும் சீலை மாற்ற வேண்டும். திருவொற்றியூரில் பட்டறை வைத்திருந்த வெள்ளத்துரைக்குக் கிடைத்த முதல் கப்பல் வேலை இது. இதில் சொதப்பினால் துறைமுகத்துக்குள் இனி அவரை ஒருவரும் கூப்பிட மாட்டார்கள்.

வேலை என்னவோ காலையிலேயே முடிந்துவிட்டது. துணியோ ஸ்பேனரோ மறந்து கிடக்கிறதா என்று பாதுகாப்பு அதிகாரி விமல் டார்ச்சோடு இறங்கிப் பார்த்துவிட்டு வந்து, குழியை மூடச் சொன்னார். "உடனே என்ன அவசரம்? பசங்க சாப்பிட்டு வரட்டும். பன்னெண்டு மணிக்கு மேல தண்ணி விட்டுப் பாக்கலாம்" என்றார். இந்த முசுட்டு மனுஷனுக்குள் இப்படி ஒரு ஈரமா என்று வெள்ளத்துரை நெகிழ்ந்தே போனார்.

குழியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு மறுபடி இறைத்தால், சீல் கசிகிறதா என்று தண்ணீரே சொல்லிவிடும். இப்போது சிவப்பாகச் சொல்லிவிட்டது. அதோடு பம்பும் திணறி நின்றுபோனது.

வெள்ளத்துரையே மூடியைத் திறந்து இறங்கினார். சீலைத் தடவிப் பார்த்தார். ஒரு பொட்டு எண்ணெய் இல்லை. பம்பின் வாயில் கைவிட்டு, அடைத்திருந்ததை உருவினார். நறுக்கிய எலுமிச்சம்பழம். உள்ளே கொழகொழவென்று குங்குமம்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று அண்ணாந்தார். மேலே விமலின் தலை தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் வெள்ளைக்காரக் கேப்டனின் தலை.

"இது கப்பலா, ஷேர் ஆட்டோவா?" என்று சீறினார் விமல். "மெஷினுக்குத் திருஷ்டி கழிக்கிறீங்களா? நடுக்கடல்ல பம்பு அடைச்சா யார் பதில் சொல்றது?" பிறகு கேப்டனுக்கு அதையே ஆங்கிலத்தில் விளக்கினார். வெள்ளத்துரை மேலேறி வந்து நீட்டிய பழத்தைக் கேப்டன் வெடிகுண்டைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"யாரு வெச்சதுன்னு இப்பவே தெரியணும், மிஸ்டர் வெள்ளத்துரை. இல்லேன்னா உங்க ஆளுங்க அத்தனை பேர் கேட் பாசும் ரத்து."

எல்லார் கண்ணும் முப்பிடாதியின் நெற்றிக்குப் போயிற்று. அங்கே குங்குமம் பளிச்சென்று இருந்தது. வெள்ளிக்கிழமை வந்தால் பட்டறையில் டிரில்லிங் மெஷினுக்குக்கூடச் சூடம் காட்டுகிற ஆள் அவன். இன்றைக்கும் வெள்ளிக்கிழமைதான்.

பாஸ் போனால் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை எந்தக் கப்பலிலும் அவனை ஏற்ற மாட்டார்கள். கொருக்குப்பேட்டை வீட்டில் அவனுக்குக் கைக்குழந்தை இருந்தது. வெள்ளத்துரை மனதுக்குள் அவனைத் திட்டித் தீர்த்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"நான்தான் வச்சேன் சார்."

விமல் திடுக்கிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். கேப்டனை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "பாஸைக் குடுத்துட்டு இறங்குங்க. இனிமே இந்தக் கப்பல் பக்கம் வரக் கூடாது. மிச்ச வேலையை உங்க ஆளுங்க முடிக்கட்டும்."

முதல் கப்பலே கடைசிக் கப்பலாகிவிட்டது. கரைக்கு இறங்கும்போது வெள்ளத்துரைக்கு அவமானத்தில் காது சுட்டது. ஒரு வீட்டு அடுப்பு அணையாமல் காப்பாற்றிவிட்டோம் என்ற நிம்மதி ஒன்றுதான் மிச்சம்.

முப்பிடாதி பின்னாலேயே ஓடி வந்தான். காலில் விழப்போகிறான் என்று அவர் ஒதுங்கி நின்றார்.

"இன்னா அண்ணாச்சி, இப்டி பண்ட்டீங்க? பம்பு கீற எடத்துல போயி பழத்த வெப்பாங்களா? எனக்கே அது தெரியும். நம்ம பொயப்புல மண்ணப் போட்டுட்டீங்களே!"

வெள்ளத்துரை திகைத்தார். "ஏலே, அப்ப நீ வைக்கலியா?"

"அம்மன் மேல சத்தியமா நான் வெக்கல. நீங்கதான வெச்சேன்னு சொன்னீங்க?" மேலிருந்து யாரோ கூப்பிட, அவன் தலையில் அடித்துக்கொண்டே திரும்பி ஓடினான்.

அப்படியானால் வைத்தது யார்? யோசித்தபடி நின்றவரை நோக்கி விமல் படியில் விறுவிறுவென்று இறங்கி வந்தார். கையில் வெள்ளத்துரையின் பாஸ் இருந்தது. மேலே, விசிறியைக் கடலில் இறக்கி ஓட்டிப் பார்க்க எல்லாம் தயாராகிக்கொண்டிருந்தது. என்ன இருந்தாலும் மனசாட்சி உள்ள மனுஷன் என்று வெள்ளத்துரை கையை நீட்டினார்.

விமல் பாஸைத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். கேப்டன் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணாச்சி, நான் வெச்சத எடுத்துட்டீங்க... இங்க பக்கத்துல எலுமிச்சம்பழம் எங்க கிடைக்கும்?"