ஆடாத பாரம்

ஜெரால்டு முழங்கையில் மாட்டியிருந்த காயப் பட்டை மறுபடியும் பூட்டிக்கொண்டது. கை பாதி மடங்கியபடியே நிற்க, டம்பெல் நழுவித் தரையில் விழுந்தது.

"என்ன எழவு மாஸ்டர் இது! வலி லேசாத்தான் இருக்கு."

"உடம்ப ஆட்டி ஆட்டித் தூக்குனா ஜவ்வு கிழியத்தான் செய்யும். அதான் பாரம் ஆடுனா பூட்டுற மாதிரி வச்சிருக்கேன். நல்லா ஆறட்டும், கழட்டுதேன்" என்றார் ஜிம் மாஸ்டர்.

ஆறுவதற்குள் அவசரப்பட்டுத் தூக்கி, போன வலியைத் திரும்ப வரவழைப்பதே ஜெரால்டுக்கு வாடிக்கை. பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

வாசலில் மகள் மெரின் சிரித்துக்கொண்டே ஓடிவந்து அவன்மேல் தாவினாள். அவள் துள்ளிய துள்ளலில் பட்டை பூட்டிக்கொண்டது. பிடி கிடைக்காமல் சறுக்கித் தரையில் உட்கார்ந்தாள்.

"சனியன் பிடிச்ச பட்டை!" என்று ஜெரால்டு கையைச் சுவரில் இடித்தான்.

மெரின் அழவில்லை. பழகியவள்போல் எழுந்து, கால்களைச் சேர்த்து, கைகளை விலாவோடு ஒட்டி, மூச்சை அடக்கி மரக்கட்டையாக நின்றாள்.

"இப்பத் தூக்குங்கப்பா. ஆடவே மாட்டேன்."

பட்டை திறந்துகொண்டது. தூக்கினான். அவன் இடுப்பில் உட்கார்ந்த பிறகும், எங்கே பூட்டிக்கொள்ளுமோ என்று அவள் சிரிக்கவேயில்லை.