இரண்டாவது சான்று

பலகையில் ஸ்ரீதர் ஒரே ஒரு வரி எழுதினான். ஒரு செய்தியை நம்ப இரண்டு சான்றாவது வேண்டும்.

அவன் கல்லூரி நூலகர். முதல் வருடப் பிள்ளைகளுக்குத் தகவலைத் தேடவும் சரிபார்க்கவும் கற்றுக்கொடுப்பது அவன் வேலை.

ஆளுக்கொரு ஜெராக்ஸ் கொடுத்தான். உள்ளூர்ப் பத்திரிகையில் வந்த பழைய செய்தி. ரங்கத் கடற்கரை அருகே படகு கவிழ்ந்தது. அதிலிருந்த நால்வரும் உயிருடன் மீட்பு.

"இது உண்மைன்னு சொல்ற இன்னொரு சான்று வேணும். ஒண்ணே ஒண்ணு போதும்."

நெட் ஊர்ந்தது. வீட்டுக்குப் போகும் கராச்சர்மா பஸ் போய்விடுமே என்று பாதிப் பேர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிரவீன்குமார் கை தூக்கினான். "சார், மத்த பேப்பர் எல்லாத்துலயும் மூணு பேர்தான் தப்பிச்சிருக்காங்க. ஒரு லேடி காலி."

"ஒருத்தர் எழுதினதைப் பார்த்து மத்தவங்க எழுதியிருக்கலாம். தேடு."

"அரே, சோடோ சார், விடுங்க! நாலு பேப்பர் சொல்லுது. உங்க ஜெராக்ஸ் பக்கா ஃபேக்."

வகுப்பு சிரித்தது.

"தேடு," என்றான் ஸ்ரீதர்.

நாலு சான்று இருக்கும்போது இந்த ஒற்றைக் காகிதத்தை சார் ஏன் விடமாட்டேன் என்கிறார் என்று அவர்களுக்குப் புரியவில்லை. போன வருடம் இதே காகிதத்தை வாங்கியவர்களுக்கும் புரியவில்லை.

முன்வரிசையில் ப்ரியங்கா துள்ளி எழுந்தாள். "கிடைச்சிருச்சு சார்! இதே பேப்பர்தான். மறுநாள் போட்டிருக்காங்க."

சாக்பீஸ் அவன் விரலிடுக்கில் ஒடிந்தது.

"படிம்மா."

அவள் போனைப் பார்த்தாள். உதடுகள் மட்டும் அசைந்தன. பிறகு தலை தூக்கி அவனைப் பார்த்தாள். போனைக் கவிழ்த்து மேசைமேல் வைத்தாள்.

"நெட் போயிருச்சு சார்."

"பொய் சார்!" பிரவீன்குமார் எட்டி அந்தப் போனைத் திருப்பினான். பக்கம் பளிச்சென்று திறந்திருந்தது.

திருத்தம். நால்வரும் மீட்கப்பட்டதாக நேற்று வெளியான செய்தி தவறு. உமா மகேஸ்வரி, 26, கடலில் மூழ்கி இறந்தார். இவர் கல்லூரி நூலகர் ஸ்ரீதரின் மனைவி.

பிரவீன்குமார் போனை மெல்லக் கவிழ்த்து வைத்தான்.

"ஆமா சார்," என்றான். "எனக்கும் சிக்னல் இல்ல."

ஸ்ரீதர் தலையாட்டினான். ஜெராக்ஸ்களை ஒவ்வொருவரிடமிருந்தும் திரும்ப வாங்கி அடுக்கினான். அடுத்த வருடப் பிள்ளைகளுக்கு வேண்டும்.