இன்னொரு வாசல்

"கையில பெரிய போன் இருக்கிறவனுக்குத்தான் இனிமே நோய் வரணும் போல," என்றார் ராம்பிரவேஷ். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

பாட்னாவின் அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் ஆன்லைனில் பதிந்தவர்களுக்குத் தனி வாசல். மற்றவர்கள் வெயிலில் நிற்க வேண்டியதுதான்.

அவர் மனைவி ஃபுல்மதி சுவரோரம் சாய்ந்து கிடந்தாள். தொண்டையில் கட்டி. சத்துமாவு கரைத்த தண்ணீர்கூட இப்போது இறங்குவதில்லை.

ராம்பிரவேஷின் சட்டைப்பையில் போன் அடித்தது. யாரென்று பார்த்தவர், பேசாமல் கட் செய்தார்.

"சுபோத்தா?" என்றாள் ஃபுல்மதி, காற்றாகப் போன குரலில். "என்னன்னுதான் கேளுங்களேன்."

"அம்மாவுக்கு முடியலேன்னு எப்பவோ சொல்லியாச்சு. பெத்த பிள்ளை சூரத்துலேர்ந்து எட்டிப் பார்த்தானா? உன்னைப் பார்த்துக்க எனக்குத் தெரியும்."

போன் மறுபடி அடித்தது. அணைத்தே வைத்துவிட்டார்.

தனி வாசல் வழியாகக் காவலாளி வெளியே வந்தான். "கூத்தைக் கேளுங்க சாச்சா. ஆன்லைன்ல பதிஞ்ச ஒரு பொம்பளையைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு உள்ளே தொண்டை வத்திப்போச்சு. ஆளே வரலை. கடைசியில அந்த இடத்தை வேற ஆளுக்குக் கொடுத்துட்டாங்க."

"திமிரு," என்றார் ராம்பிரவேஷ். "சாகக் கிடக்கிறவங்க இடத்தைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு வீட்டுல தூங்குவாங்க. அவங்க குடும்பம் விளங்குமா?"

"யாரையும் சபிக்காதீங்க," என்றாள் ஃபுல்மதி. "பாவம், என்ன கஷ்டமோ."

வெயில் சாய்ந்த பிறகுதான் அவர் முறை வந்தது. ஜன்னலுக்குள் இருந்த பெண், நோயாளியின் பெயரையும் ஊரையும் கேட்டாள்.

"ஃபுல்மதி தேவி. சமஸ்திபூர்."

"டாக்டர் கிளம்பிட்டாரு. இனிமே அடுத்த மாசம் சட் பூஜைப் பண்டிகை முடிஞ்சுதான் தேதி கிடைக்கும்."

"அதுவரைக்கும் இவ தாங்கமாட்டாம்மா."

அவள் கணினியில் பெயரைத் தட்டினாள். பிறகு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சுபோத்னு உங்களுக்கு யாராச்சும் இருக்காங்களா?"

"என் மகன். எதுக்கு?"

"இவங்க பேரை அவர் ஆன்லைன்ல பதிஞ்சிருக்காரே. காலையிலேர்ந்து கூப்பிட்டும் வராதது இவங்கதானா?"