பதிமூன்றாவது பங்கு

"முதல்ல இதை வாங்கிக்குங்க மிஸ்டர் லெப்சாக். எங்கம்மா செஞ்ச பச்சை மிளகாய்க் குழம்பு, பன்றிக்கறி போட்டது. திட்டுறதா இருந்தா அப்புறமா திட்டுங்க."

மரிசெலா பாத்திரத்தை நீட்டினாள். எர்வின் லெப்சாக் அதைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"திட்ட என்ன இருக்கு? உள்ள வா. ஷூவைத் துடைச்சுட்டு வா, லோரீன் இப்பத்தான் தரை துடைச்சா."

பிளாட் என்ற ஆற்றின் கரையில் சரளைக்கல் தோண்டும் குழிக்கு மரிசெலா மேனேஜர். நான்கு மைல் கீழே, அதே ஆற்றை நம்பி சர்க்கரை ஆலைக்கு பீட்ரூட் போடுபவர் லெப்சாக். போன மார்ச் மாதக் கூட்டத்தில், ஊரே பார்க்க அவளைத் "தண்ணித் திருடி" என்று சொன்ன வாய் அவருடையதுதான். அந்த மனிதரே போன வாரம், வாய்க்காலில் தனக்கு உள்ள தண்ணீர்ப் பங்குகளை இந்தக் கோடைக்கு அவள் குழிக்கு எழுதிக் கொடுத்திருந்தார். அதுவும் சல்லிக்காசு வாங்காமல். மரிசெலாவால் இன்னும் நம்ப முடியவில்லை.

"எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. குழியில வத்தினதுக்குப் பதிலா ஆத்துக்குத் திருப்பி விட தண்ணி காட்டலேன்னா நாளைக்கே குழியை மூடணும்னு தண்ணி ஆபீஸ் ஆர்டர். பதினாலு பேருக்கு வேலை போயிருக்கும். எத்தனை வீட்டுக் கதவைத் தட்டினேன் தெரியுமா? ஒருத்தரும் தரல. லோடர் ஓட்டுற டெல்ஃபினோ, அவ்வளவு பெரிய ஆளு, நீங்க கொடுத்தீங்கன்னதும் அழுதுட்டான்."

"அழுறதை விட்டுட்டு வேலையைப் பார்க்கச் சொல்லு," என்றார் லெப்சாக், இஞ்சி தின்ற குரங்கு போல முகத்தை வைத்துக்கொண்டு.

அவர் மனைவி லோரீன் காப்பியும், முட்டைக்கோஸும் கறியும் அடைத்த பன்னும் கொண்டுவந்து வைத்தார். "நீ சாப்பிடும்மா. யாராவது நன்றின்னு சொன்னா இவருக்கு நெருப்பை மிதிச்ச மாதிரி இருக்கும்."

மரிசெலா சிரித்துக்கொண்டே பையிலிருந்து காகிதங்களை எடுத்தாள். "ஒரே ஒரு சின்ன விஷயம். எங்களுக்கு வேண்டியது பன்னெண்டு பங்கு. நீங்க பதிமூணுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"தெரியும்."

"கை தவறிப் போட்டிருப்பீங்களோன்னு..."

"தண்ணி விஷயத்துல இந்த வீட்ல யாருக்கும் கை தவறாது."

"அப்ப அந்த ஒண்ணைத் திருப்பி எடுத்துக்குங்க. வர்ற வழியில பார்த்தேனே, உங்க பீட்ரூட்டே வாடிப்போய்க் கிடக்கு."

"பரவால்ல. அதையும் ஆத்துல விட்டுடு."

"அப்படியெல்லாம் விட முடியாது மிஸ்டர் லெப்சாக். எந்தக் குழியில வத்தின தண்ணிக்குப் பதில் இதுன்னு ஒவ்வொரு பங்குக்கும் எதிர்ல எழுதணுமாம். ஒரு கட்டம் காலியா இருந்தாலும் தண்ணி ஆபீஸ்ல மனுவைத் திருப்பிடுவாங்க. மூணு மணிக்குள்ள கொடுத்தாகணும். இப்பவே ஒண்ணே கால் ஆச்சு."

"எதையாவது எழுதிக்கோ."

"பொய்யா எழுதச் சொல்றீங்க? உங்க வாயால இன்னொரு தடவை திருடிப் பட்டம் வாங்கவா?"

லெப்சாக் பன்னைப் பிய்த்துக்கொண்டே இருந்தாரே தவிர, ஒரு துண்டுகூட வாயில் போடவில்லை. மரிசெலாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பதினான்கு வீட்டு அடுப்பு அந்த ஒரு கட்டத்தில் வந்து மாட்டிக்கொண்டு நின்றது.

"என் மேல கோபம் இருந்தா என்னோட வெச்சுக்குங்க. அவங்க வயித்துல அடிக்காதீங்க."

"கோபமா? உன் மேலயா?" நிமிர்ந்து பார்த்தார் லெப்சாக். "அன்னைக்குக் கூட்டத்துல நான் உன்னைத் திருடின்னேனே, அதுக்கு நீ என்ன பதில் சொன்னே?"

"உள்ளதைச் சொன்னேன். நாங்க பம்பு வெச்சு உறிஞ்சல. தோண்டினதும் அடித்தண்ணி மேல வந்து வெயிலைப் பார்க்குது, வெயில் அதைக் குடிச்சுடுது. மண்ணுக்குள்ளயே ஓடி ஆத்துக்குப் போய்ச் சேர வேண்டிய தண்ணி அது. குழி குடிச்சதைத் தோண்டினவங்கதான் திருப்பிக் கொடுக்கணும், நாங்க கொடுத்துடறோம்னு சொன்னேன்."

"ம். அது வரைக்கும் எனக்கு அது தெரியாது."

லோரீன் கையிலிருந்த துணியை மேசையில் போட்டார். "எர்வின், வேணாம். சொன்னாக் கேளுங்க. அபராதம் போட்டுத் தீத்துடுவாங்க."

"போடட்டும்."

"ஊருக்கெல்லாம் வாய் கிழியப் பேசினீங்களே, இப்ப ஊரு சிரிக்காதா?"

"சிரிக்கட்டும்டி. மூணு மாசமா எனக்குத் தூக்கம் இல்ல."

லெப்சாக் எழுந்துபோய்ப் பின்கதவைத் திறந்தார். மரிசெலா காகிதத்தோடு பின்னால் போனாள். வெளியே மரங்களுக்கு நடுவே ஒரு ஏக்கருக்குக் குளம் ஒன்று வெயிலில் பளபளத்துக்கொண்டிருந்தது. அதில் இருபது வாத்துகள் சாவகாசமாக நீந்திக்கொண்டிருந்தன.

"கல்யாணமான வருஷம் இவ வாத்து வளர்க்கணும்னா. நானே டிராக்டர் வெச்சுத் தோண்டினேன். ஆறடியிலயே தண்ணி வந்துடுச்சு," என்றார் லெப்சாக். "பதிமூணாவது கட்டத்துல 'லெப்சாக் வாத்துக் குளம்'னு எழுதும்மா. நன்றி நான்தான் உனக்குச் சொல்லணும். நாலு வருஷமா ஆத்துத் தண்ணியை எடுக்கிற உன்னை ஊர்க் கூட்டத்துல திருடின்னேன், முப்பத்தாறு வருஷமா எடுக்கிற என்னை யாருமே கேக்கல."