சொந்த அரங்கின் கூச்சல்

தகரக் கூரை போட்ட உள்ளரங்கில் வாலிபால் ஆட்டம் கடைசி செட்டில் சமநிலையில் நிற்கிறது. சர்வீஸ் போடப் பந்தோடு கோட்டுக்குப் பின்னால் நிற்கிறவளைப் பார்த்து அரங்கமே ஊளையிடுகிறது. போன வருஷம்வரை இந்த ஊர் அணிக்கு ஆடியவள் அவள். "உனக்கு வயசாச்சும்மா, வீட்டைப் பாரு" என்று கோச் எல்லார் முன்னாலும் சொல்லி அனுப்பிவிட்டார். இன்று எதிரணிச் சட்டையில் வந்திருக்கிறாள். "கிழவி, கண்ணாடி கொண்டாந்தியா?" என்று மேல்வரிசையிலிருந்து ஒரு குரல். சிரிப்பு கூரையில் மோதித் திரும்புகிறது. அவள் காதருகே கையைக் குவித்து, கேட்கவில்லையே என்பதுபோல் தலையாட்டுகிறாள். கூட்டம் வெறியேறி, பலகை இருக்கைகளை உதைத்துக் கத்துகிறது. அவளுக்கு வேண்டியதும் அதுதான். எதிரே இடது மூலையில்தான் அரங்கத்து இரைச்சலெல்லாம் வந்து குவியும். அங்கே நிற்கிற இருவரும் 'நான்', 'நீ' என்று கத்தித்தான் பந்தை யார் எடுப்பதென்று முடிவுசெய்வார்கள். அந்த மூலையில் பல வருஷம் நின்றவளுக்கு இது தெரியாதா? பந்து வெள்ளை விளக்குகளுக்குக் கீழே மிதந்து போய் இருவருக்கும் நடுவே தொப்பென்று விழுகிறது. "நீன்னு கத்தினேனேடி!" "யாருக்குக்கா கேட்டுச்சு?" மறுபடியும் அதே இடம், மறுபடியும் புள்ளி. முகம் சுண்டிப்போன கோச் எழுந்து, சத்தத்தைக் குறைக்கச் சொல்லி இரண்டு கைகளையும் கூட்டத்தைப் பார்த்து ஆட்டுகிறார். இன்னும் உரக்கக் கத்தச் சொல்கிறார் என்று நினைத்து, கூரை பெயர்ந்துவிடும்போல் கூட்டம் கத்துகிறது. அவள் அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே அடுத்த பந்தை வாங்குகிறாள்.